கீழ்த்தள வீட்டுக்கு உள் பெயிண்ட்: சுவர் சுவராக ஒரு தேர்வு

சென்னையின் கடலோரப் பகுதி. சுமார் 25 வயதான அடுக்குமாடிக் கட்டடம், கீழ்த்தளம், இரண்டு படுக்கையறை. திருவான்மியூர் பக்கமோ சாந்தோம் பக்கமோ இந்த வகை வீடுகள் நிறைய உண்டு. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அப்படிப்பட்ட ஒரு மாதிரி வீடு. அதன் அளவுகளும் கோளாறுகளும் இந்த வகை வீடுகளில் வழக்கமாகப் பார்ப்பவைதான். வீட்டுக்காரர்கள் கேட்பது ஒரே கேள்வி: "எந்த பெயிண்ட் நல்லது?" இந்த வீட்டில் அதற்கு ஐந்து பதில்கள் இருக்கின்றன. ஒரு சுவரின் அடிப்பகுதிக்கு இந்த ஆண்டு எமல்ஷனே (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) வேண்டாம் என்பது அவற்றில் ஒன்று.

வீட்டின் நிலை

கூரை உயரம் எல்லா அறையிலும் 10 அடி. ஹால் 16 × 12. அதன் தெருப்பக்கச் சுவரில் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் வரை பெயிண்ட் பொரிந்து, உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. முதல் படுக்கையறை 12 × 11. பழைய டிஸ்டெம்பர் (சுண்ணத்தூள் கலந்த மலிவு பெயிண்ட்), கை வைத்தால் மாவு ஒட்டுகிறது. அதே அறையின் கூரையில் மேல்வீட்டு பாத்ரூம் கசிவு விட்டுப்போன பழுப்பு வளையம் ஒன்று; கசிவை அடைத்தாயிற்று, கறை மட்டும் நிற்கிறது. இரண்டாவது படுக்கையறை 11 × 10, பிள்ளைகளுடையது. தரையிலிருந்து 4 அடிக்கு எனாமல் (பளபளக்கும் எண்ணெய் பெயிண்ட்), அதற்கு மேல் எமல்ஷன். சமையலறை 10 × 8. தாளிப்புப் புகையில் சுவர் மஞ்சளேறி, கூரை மூலையில் கரும்புள்ளியாகப் பூஞ்சை.

இதில் எதுவும் ஷேட் கார்டைப் பார்த்துத் தீர்கிற விஷயம் இல்லை. அடியில் இருப்பது என்ன என்று தெரிந்தால்தான் மேலே எது நிற்கும் என்று சொல்ல முடியும். அதற்கான சோதனைகளுக்குப் பெரிய செலவில்லை.

முதலில் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். பொள்ளல் சத்தம் வருகிற இடத்தில் சிமெண்ட் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது. அங்கே பட்டி (சுவரைச் சமப்படுத்தும் மாவுப் பூச்சு) பார்ப்பது வீண், பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். அடுத்து ஈரத் துணியால் பத்து தடவை தேய்ப்பது. துணியில் நிறம் இறங்கினால் சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். இறங்காவிட்டால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்க்க வேண்டும்: எமல்ஷன் இளகிப் பஞ்சில் ஒட்டும், பழைய எனாமல் அசையாது. பிறகு பிளேடால் பெருக்கல் குறி போலக் கீறி, அதன்மேல் செல்லோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுப்பது. டேப்போடு பழைய பெயிண்ட் செதிலாக வந்தால், புதிதாக அடிப்பதும் அதோடு சேர்ந்து ஒருநாள் வந்துவிடும்.

ஈரத்துக்குத் தனிச் சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான கெட்டி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு விளிம்பையும் டேப்பால் காற்றுப் புகாமல் அடைத்து, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். தாளின் சுவர்ப்பக்கத்தில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் மட்டும் கோத்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்தால் போகும். இந்தச் சோதனையை மே மாதம் செய்து பயனில்லை. சென்னையில் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. சுவர் உண்மையைச் சொல்வது டிசம்பர் கடைசியில்தான். தீபாவளிக்குள் பெயிண்ட் முடிய வேண்டும் என்று அக்டோபரில் வேலை தொடங்குவது, வருஷத்திலேயே மோசமான மாதத்தைத் தேடிப் பிடிப்பதாகும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம்.

தெருப்பக்கச் சுவர்

இந்த வீட்டின் பணமும் பொறுமையும் இங்கேதான் போகப் போகிறது. அடியிலிருந்து ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறுகிறது. பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்தியதால், கட்டியபோது தெருவை விட உயரமாக இருந்த தரைமட்டம் இப்போது தாழ்ந்துவிட்டது. வெளி மண் சுவரின் அடிவரிசைச் செங்கல்லைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. செங்கல் நீரை உறிஞ்சி ஏற்றுகிறது. நீரோடு மண்ணின் உப்பும், உப்புத் தண்ணீரில் கட்டியிருந்தால் கலவையின் உப்பும் ஏறுகின்றன. நீர் ஆவியாகிற இடத்தில் உப்பு படிகமாகிறது. எமல்ஷன் படலம் அந்த ஆவியை முழுதாக வெளியே விடுவதில்லை, அதனால் படிகம் படலத்துக்குப் பின்னாலேயே வளர்ந்து அதைத் தள்ளுகிறது. பெயிண்ட் எவ்வளவு விலையுயர்ந்ததோ, படலம் எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவு பெரிய கொப்புளம். ஓதச் சுவருக்கு உயர்ந்த ரக பெயிண்ட் அடிப்பது மருந்தாகாது என்பதன் காரணம் இதுதான்.

வழக்கமாக நடப்பது: பொரிந்ததைச் சுரண்டி, "டாம்ப் ப்ரூஃப்" என்று எழுதிய டப்பா ஒன்றை இரண்டு கோட் அடித்து, பட்டி பார்த்து, மேலே எமல்ஷன். அடுத்த மழையில் அது அப்படியே தோலாக உரியும். இன்னொரு வழி, பூச்சைக் கொத்திவிட்டு வாட்டர் ப்ரூஃப் திரவம் கலந்த சிமெண்ட் பூச்சு போடுவது. பூச்சு தாக்குப்பிடிக்கும். ஆனால் ஓதம் வெளியேற வழியில்லாமல் அந்தப் பூச்சுக்கு மேலே ஏறி, நாலடி உயரத்தில் தலைகாட்டும்.

இந்த வீட்டுக்கு நாம் சொல்வது வேறு. வெளியே சுவரையொட்டிய மண்ணை முடிந்த அளவு தாழ்த்தி, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓட வாட்டம் கொடுக்க வேண்டும். சுவரின் அடியில், தரைக்குச் சற்று மேலே உள்ள கலவை வரிசையில் 12 மி.மீ. துளைகளை 12 செ.மீ. இடைவெளியில் போட்டு, நீரை விலக்கும் சிலேன் வகைத் தடுப்புக் கிரீமை உள்ளே நிரப்ப வேண்டும். ஈரக் கறை முடிகிற இரண்டரை அடிக்கு மேல் இன்னும் ஓரடி சேர்த்து, மூன்றரை அடி உயரத்துக்குப் பழைய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் மேல் நிற்கும் உப்பை உலர்ந்த பிரஷால் தட்டிக் கூட்டி அள்ள வேண்டும். கொத்தனார் தண்ணீர் ஊற்றிக் கழுவத்தான் நினைப்பார். கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் செங்கல்லுக்குள்ளேயே போகும். பிறகு சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கலவையில் பூச்சு. வெறும் சிமெண்ட் பூச்சை விட இது ஆவியை விடும்.

இதற்குப் பிறகும் எமல்ஷன் வேண்டாம். நனைந்த சுவர் உலர்வதற்குப் பொதுவான கணக்கு அங்குலத்துக்கு ஒரு மாதம். 9 அங்குலச் செங்கல் சுவருக்கு அது முக்கால் வருஷம். அதுவரை அந்த மூன்றரை அடிக்குச் சுண்ணாம்பு: வடிகட்டிய நீற்றுச் சுண்ணாம்பை மெல்லியதாகக் கரைத்து, சுவரை லேசாக நனைத்து, மூன்று கோட். சுண்ணாம்பு ஆவியை விடும், அதன் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் பிடிக்காது, அரித்தாலும் ஐம்பது சதுர அடிக்குள் அடங்குகிற செலவு. மேல் ஆறரை அடி பழைய எமல்ஷன் மீது சுண்ணாம்பு ஒட்டாது. அங்கே ஹாலின் எமல்ஷனே வரும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியத்தான் செய்யும். அது உறுத்தாமலிருக்க ஹால் முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளைக்குப் பக்கத்து நிறமான அரைவெள்ளை எடுத்துக்கொள்வது நல்லது. அடுத்த மழைக்காலம் முடிந்து பிளாஸ்டிக் தாள் சோதனையில் நீர் கோக்காவிட்டால் சுண்ணாம்பைச் சுரண்டி, பிரைமர் (பெயிண்ட் பிடிக்க உதவும் அடிக்கோட்) அடித்து, எமல்ஷனுக்குப் போகலாம்.

இந்தச் சுவரில் ஜிப்சம் பட்டியோ பி.ஓ.பி.யோ (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதுவும் ஜிப்சம்தான்) எந்தக் காலத்திலும் கூடாது. ஜிப்சம் நீரில் இளகும்.

டிஸ்டெம்பர் அறை, எனாமல் அறை

முதல் படுக்கையறையில் மாவு ஒட்டுகிற டிஸ்டெம்பர் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் அது சுவரில் ஒட்டாது, மாவில்தான் ஒட்டும். தண்ணீர் தெளித்து ஊறவைத்துத் தகட்டால் முழுக்கச் சுரண்ட வேண்டும். சுரண்டியபின் ஈரத் துணி சுத்தமாக வரும்வரை துடைப்பு. சிமெண்ட் பூச்சு வெளியே வந்துவிட்டால் வெள்ளை சிமெண்ட் பட்டி போடலாம்: பட்டியின் எடையில் 35 முதல் 40 சதவீதம் தண்ணீர், இரண்டு கோட், ஒவ்வொன்றும் 1 மி.மீ.க்குள், இரண்டும் சேர்ந்து ஒன்றரை மி.மீ.யைத் தாண்டக் கூடாது. கலந்ததை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். இறுகத் தொடங்கிய பட்டியில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிண்டினால் அது காய்ந்தபின் மாவாகும்.

பலரும் கவனிக்காதது ஒன்று: வெள்ளை சிமெண்ட் பட்டிக்கு நீரை உறிஞ்சும் சிமெண்ட் பரப்பு வேண்டும். ஹாலில் நன்றாக இருக்கும் பழைய எமல்ஷன் மேல் ஆணித்துளை, விரிசல் அடைக்க அதை எடுத்தால் சில மாதங்களில் தட்டையாகக் கழன்று வரும். அங்கே அக்ரிலிக் பட்டிதான். அக்ரிலிக் பட்டிக்கு ஈரம் ஆகாது, ஆகவே ஓதச் சுவரிலும் பாத்ரூம் ஒட்டிய சுவரிலும் அதைத் தவிர்க்க வேண்டும்.

கூரையின் பழுப்பு வளையம் எத்தனை கோட் எமல்ஷன் அடித்தாலும் மேலே வரும். தண்ணீரில் கரையும் கறை, தண்ணீர் பெயிண்ட்டில் கரைந்து ஊறி வருவது இயல்பு. கறையின் மேலும் சுற்றி அரையடிக்கும் கறையை அடைக்கும், தின்னர் அடிப்படையிலான ஸ்டெயின் சீலர் ஒரு கோட், காய்ந்தபின் எமல்ஷன்.

பிள்ளைகள் அறையின் எனாமலில் இரண்டு கவலைகள். வழவழப்பில் எமல்ஷன் பிடிக்காது, நகத்தால் கீறினாலே ரிப்பன் போல வரும். அதைவிடப் பெரியது ஈயம். வீட்டு பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதோ மெஷினால் தேய்ப்பதோ கூடாது. நனைத்து, 180ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு சாகும் அளவுக்கு மட்டும் தேய்த்து, வழியும் சேற்றைத் துணியால் எடுத்து மூடிக் குப்பையில் போட வேண்டும். வேலை முடிந்து தரை இரண்டு முறை ஈரத்தில் துடைக்கும்வரை பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்குப் போகாமலிருப்பது அவசியம். அதன்பின் வழவழப்பான பரப்பில் ஒட்டும் பாண்டிங் பிரைமர் ஒரு கோட்.

பளபளப்பு எவ்வளவு?

இப்போதுதான் டப்பாவுக்கு வருகிறோம். எமல்ஷனில் நிறமியும் நிரப்புத்தூளும் ஒரு பக்கம், அவற்றைக் கட்டிப்பிடிக்கும் அக்ரிலிக் பசை ஒரு பக்கம். பசை கூடினால் படலம் மூடி, பளபளப்பு ஏறும், துடைக்க முடியும். தூள் கூடினால் பளபளப்பில்லாத மேட் ஆகி, சுவரின் மேடுபள்ளம் மறையும். ஆனால் நுண்துளை வழியே எண்ணெய் இறங்கும். மலிவு எமல்ஷனுக்கும் விலைகூடியதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்தப் பசையின் அளவும் தரமும், மறைக்கும் சக்தி தரும் டைட்டானியம் டை ஆக்சைடின் அளவும்தான். வாசனையும் விளம்பரமும் அப்புறம்.

தமிழ் வீட்டின் சுவருக்கு முதல் எதிரி தேங்காயெண்ணெய். சோபாவின் பின்னால், கட்டிலின் தலைமாட்டில், பாயில் படுத்துச் சாய்கிற இடத்தில் தலை உயரத்துக்கு ஒரு மங்கல் வட்டம் விழும். சாதாரண மேட் பெயிண்ட்டில் அது உள்ளே இறங்கிவிடும், துடைத்தால் போகாது. அழுத்தித் தேய்த்தால் இன்னொன்று நடக்கும்: தேய்த்த இடம் மட்டும் மினுங்கும். சுவிட்ச் போர்டைச் சுற்றிப் பார்க்கிற மினுமினுப்பு அதுதான். அப்படியானால் எல்லாவற்றுக்கும் பளபளப்பு கூடிய சாட்டின் ரகம் என்று போகலாமா? போகக் கூடாது. 25 வருஷப் பூச்சு நேராக இருக்காது. ஜன்னல் வெளிச்சமோ சுவரில் மாட்டிய டியூப் லைட்டோ சுவரை உரசிக்கொண்டு விழும்போது, பளபளப்பு ஒவ்வொரு அலையையும் ரோலர் தடத்தையும் காட்டிக்கொடுக்கும்.

ஆக, ஹாலுக்குத் துடைக்கக்கூடிய உயர்ரக எமல்ஷன், மென்பளபளப்பு. பிள்ளைகள் அறைக்கும் அதே ரகம்; கிரேயான் கோடும் கைத்தடமும் வாராவாரம் துடைக்க வேண்டியவை. முதல் படுக்கையறைக்கு நடுத்தர மேட் போதும், தலைமாட்டில் கட்டிலுக்கு உயரமான பலகை இருந்தால். இல்லையென்றால் அந்த ஒரு சுவரை மட்டும் உயர்ரகத்தில் அதே நிறத்தில் அடிக்கலாம். கூரைகளை யாரும் தொடுவதில்லை. அங்கே மலிவான தட்டை வெள்ளை எமல்ஷன், அதுதான் கூரை அலையையும் மறைக்கும். கூரைக்கு விலையுயர்ந்த டப்பாவை எழுதித் தருகிற மதிப்பீட்டைத் தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம்.

சமையலறைக்குச் சாட்டின், பூஞ்சைத் தடுப்பு உள்ளது, கூரையும் சேர்த்து. அடிப்பதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத்தூள் வெந்நீரில் கழுவி, பூஞ்சைப் புள்ளியில் ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசி, கால் மணி நேரம் கழித்துக் கழுவி உலரவிட வேண்டும். பிளீச்சோடு ஆசிட் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். சமையலறைக்குப் பழைய வழக்கப்படி எண்ணெய் எனாமல் கேட்பவர்கள் உண்டு. கழுவ நல்லதுதான், ஆனால் அது நாளடைவில் மஞ்சளாகும். வெளிச்சம் படாத இடத்தில், அலமாரிக்குப் பின்னால், இன்னும் வேகமாக.

நிறம்

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. கார்டில் பார்த்ததை விட நான்கு சுவரிலும் அடித்தபின் அடர்த்தியாகத் தெரியும், ஒரு படி வெளிறியதை எடுப்பது பாதுகாப்பு. 200 மி.லி. சாம்பிள் வாங்கி, எதிரெதிர் இரண்டு சுவரில் இரண்டடிச் சதுரம் இரண்டு கோட் அடித்து, காலை, மாலை நாலு மணி, இரவு விளக்கில் பார்க்க வேண்டும். 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி.யில் கிரீம் நிறம் செத்துப்போகும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் சாம்பல் நிறம் அழுக்காகும். பல்பை மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். ஒரு சுவருக்கு மட்டும் அடர் சிவப்போ மஞ்சளோ வேண்டுமென்றால் மூன்று நான்கு கோட்டுக்குக் கணக்குப் போட வேண்டும். அடர் நிறத்துக்கான பேஸில் (நிறம் கலக்கும் முன்னுள்ள அடிப்படை பெயிண்ட்) வெள்ளை நிறமி மிகக் குறைவு, மறைக்கும் சக்தி வராது. புதுச் சிமெண்ட் பூச்சில் 28 நாளுக்கு முன் அடர் நிறம் அடித்தால் சிமெண்டின் காரம் சில நிறமிகளைத் தின்று, சுவர் திட்டுத்திட்டாக வெளுக்கும்.

அளவு

கதவு, ஜன்னல், அலமாரி, டைல்ஸ் கழித்தபின் சுவர்ப் பரப்பு: ஹால் 473 சதுர அடி, அதில் சுண்ணாம்புப் பகுதி 42 போக 431. முதல் படுக்கையறை 370, இரண்டாவது 379, சமையலறை 237. கூரைகள் சமையலறை தவிர்த்து 434. சமையலறைக் கூரை 80.

டப்பாவில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120, 140 சதுர அடி என்று போட்டிருக்கும். அது வழவழப்பான சோதனைப் பரப்புக்கு. பழைய சுவருக்கு 110 என்று வைத்தால் ஏமாற்றமில்லை. ஹால் 3.9 லிட்டர், அதாவது 4 லிட்டர் டின் ஒன்று இழுபறியாகப் போதும். கூட 1 லிட்டர் வாங்குவது நல்லது. படுக்கையறைகள் 3.4, 3.5 லிட்டர், ஆளுக்கு ஒரு 4 லிட்டர் டின். சமையலறை 317 சதுர அடிக்கு 2.9, ஆக 1 லிட்டர் டின் மூன்று. கூரைகளுக்கு 4 லிட்டர். நிறம் கலக்கும் பேஸ் டப்பாக்களில் டின்டருக்கு (கலக்கும் நிறச்சாயத்துக்கு) இடம் விட்டு அளவு சற்றுக் குறைவாக இருக்கலாம், லேபிளைப் படித்து வாங்க வேண்டும். முதல் படுக்கையறைக்குப் பட்டி, கிலோவுக்கு 12 சதுர அடி என்று 31 கிலோ, ஆகவே 40 கிலோ மூட்டை. பிரைமர் அந்த அறைக்கு 4 லிட்டர், பிள்ளைகள் அறையின் எனாமல் பகுதி சுமார் 150 சதுர அடிக்குப் பாண்டிங் பிரைமர் ஒன்றரை லிட்டர். இரண்டு டின் ஒரே நிறமென்றால் ஒரே கடையில் ஒரே நாளில் கலந்து, அடிக்கும் முன் இரண்டையும் ஒரு வாளியில் ஊற்றிச் சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் சுவரின் நடுவில் நிறம் மாறும்.

வேலை நடக்கும்போது

நல்ல சுவரில் நல்ல பெயிண்ட் கெடுவதற்கு மிகப் பொதுவான காரணம் தண்ணீர். உள் எமல்ஷன்கள் பலவற்றுக்கு 40 முதல் 60 சதவீதம் தண்ணீர் என்று டப்பாவில் இருக்கும். 4 லிட்டருக்கு 2 லிட்டர். அளவுக் குவளை இல்லாத இடத்தில் அது நான்கு, ஐந்து என்று போகும். முதல் நாள் நன்றாகத்தான் தெரியும். துடைக்கும்போது துணியில் நிறம் வரும், ஏனென்றால் பசை பரப்பு முழுக்க மெலிந்துவிட்டது. இரண்டு கோட்டுக்குப் பதில் மூன்று கோட் அடிக்கிறேன் என்று பெயிண்டர் சொன்னால், காலியான டின்களை எண்ணிப் பாருங்கள். சுவருக்கு எத்தனை லிட்டர் போயிற்று என்பதுதான் கணக்கு, கோட் எண்ணிக்கை அல்ல.

பட்டிச் சுவரை 120, பிறகு 180 உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து எடுத்தபின்தான் பிரைமர். தூசியோடு அடித்த பிரைமர் டேப் சோதனையில் முழுசாக வரும். அடிக்கும்போது ஃபேனை நிறுத்த வேண்டும். ஓரம் காய்ந்துவிட்டால் அடுத்த ரோலர் அதன்மேல் ஏறி, பட்டை பட்டையாகத் தெரியும். ஓரத்தைப் பிரஷால் வெட்டுவதும் ரோலர் ஓட்டுவதும் ஒரே சுவரில் தொடர்ந்து நடக்க வேண்டும், வீடு முழுக்க ஓரம் வெட்டிவிட்டு மறுநாள் ரோலர் என்றால் படச்சட்டம் போட்டதுபோல் விளிம்பு தெரியும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நாலு முதல் ஆறு மணி நேரம், மழைநாளில் ஒரு இரவு.

கூலி பேசும்போது கதவு ஜன்னல் பரப்பைக் கழிப்பாரா என்பதை முன்னாலேயே கேட்டுவிட வேண்டும், பலர் கழிப்பதில்லை. சுரண்டலும் பட்டியும் தனி வரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் காணாமல் போகிற வேலை அதுதான். சில டப்பாக்களிலும் பட்டி மூட்டைகளிலும் பெயிண்டருக்கான டோக்கன் இருக்கும். அது அவர் வருமானம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரே பிராண்டை வலியுறுத்தும்போது அதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முடிந்தபின் மூன்று நான்கு வாரத்துக்குச் சுவரைக் கழுவக் கூடாது. தொட்டால் காய்ந்திருந்தாலும் படலம் முழு வலுவுக்கு வர அவ்வளவு நாள் ஆகும். அதற்குள் பிள்ளை கிறுக்கிவிட்டால் விட்டுவைப்பதே மேல். மிச்ச பெயிண்ட்டில் தண்ணீர் கலக்காததை அரை லிட்டர், சிறு டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி, அறை, ஷேட் எண், தேதி எழுதி நிழலில் வைக்க வேண்டும். தண்ணீர் கலந்த மிச்சம் சில நாளில் நாறும், அதை வைத்துப் பயனில்லை. மேட் சுவரில் சின்ன ஒட்டுப்பூச்சு கண்ணுக்குத் தெரியாது. சாட்டினில் தெரியும், சமையலறையில் அடிபட்டால் மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவரை முழுதாக ஒரு கோட் ஓட்டிவிடுவதே வழி.